எண்ணெய்ச் சட்டி

டிவியில மறுபடியும் 'அந்நியன்'.
ரயில் கேன்டீன் கான்ட்ராக்டரை எண்ணெயில போட்டு எடுக்குற சீன்.
"அப்படித்தான், போடு!"ன்னு கத்திட்டேன்.

ஹோட்டல்ல சாம்பார் ஊசிப்போயிருந்தாக்கூட வாயைத் தொறக்காம பில்லைக் கட்டிட்டு வர்ற ஆளு நான்!

வீட்ல கேட்டாங்க: "மட்டமான சாப்பாடு போட்டதுக்கு மரண தண்டனையா?"
படம் 2005ல வந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் எனக்கு இது தோணவே இல்ல பாருங்க.

டைரக்டர் ஷங்கர் நம்மளை அழகா மடக்கிடுறார்.
அந்த கான்ட்ராக்டர் பண்ற அக்கிரமத்தை முதல்லயே கண்ணுல காட்டிடுறார். நாமதான் சாட்சி. அப்புறம் எதுக்கு விசாரணை?

நிஜத்துல அந்தக் கேமரா கிடையாதே.

2019 டிசம்பர், ஹைதராபாத் என்கவுன்டர். ஒரு பொண்ணைப் பலாத்காரம் பண்ணிக் கொன்னதா கைதான நாலு பேரைச் சுட்டாங்க. போலீஸ் மேல ஜனங்க பூ தூவினாங்க.
உச்ச நீதிமன்றம் அமைச்ச சிர்புர்கர் கமிஷன் 2022ல என்ன சொல்லுச்சு? போலீஸ் சொல்ற கதை நம்புற மாதிரி இல்ல, கொல்லணும்னேதான் சுட்டிருக்காங்கன்னு.
செத்த நாலு பேர்ல மூணு பேர் மைனராம்.
பூ தூவினப்ப இது யாருக்குத் தெரியும்?

'வேட்டையன்'ல (2024) ரஜினியை வச்சே இதைக் கேட்டாங்க, தப்பான ஆளைச் சுட்டுட்டா என்னய்யா பண்ணுவேன்னு.
நல்ல கேள்விதான். ஆனா அதே படத்துல அவர் துப்பாக்கியைத் தூக்குறப்ப எனக்குள்ள ஒருத்தன் விசிலடிச்சானே, அவனை என்ன பண்றது?

வாய்தா மேல வாய்தான்னு கேஸ் இழுக்குற ஊர்ல அவனை முழுசா திட்டவும் மனசு வரல.

நீங்க சொல்லுங்க.
எந்தப் படத்துல, எந்த சீன்ல உங்களுக்குத் தட்டிட்டிருந்த கை நின்னுச்சு?