தலை சாயும் கிட்டார்

என் இடது காறை எலும்பின் மேல் ஒரு டைட்டானியத் தகடு இருக்கிறது. ஆறு திருகாணிகள். போன வருஷம் பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் மழை நாளில் மோட்டார் சறுக்கியதற்குக் கிடைத்தது. தகடு இருப்பது சாதாரணமாக ஞாபகம் வராது. சட்டையைத் தொங்கவிடும் ஹேங்கர் மாதிரி உள்ளே சும்மா கிடக்கும். கிட்டாரை மாட்டினால்தான் வரும். வலது கைக்காரர்களுக்குக் கிட்டார் வார் இடது தோளில்தான் விழும். அதுவும் சரியாக அந்தத் தகட்டின் மேல்.

என்னுடையது லெஸ் பால் வடிவத்தில் செய்த, இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒரு மலிவுக் கிட்டார். கறுப்பு. விமானப் பயணத்துக்குப் பெட்டி நிறுக்கும் கைத்தராசில் மாட்டிப் பார்த்தேன்: 4.6 கிலோ. எங்கள் குழு கல்யாண விருந்துகளில் வாசிக்கிறது. மணமக்கள் கேக் வெட்டி, அரசியல்வாதி பேசி முடித்து, மாமாக்கள் மேடையேறிப் பாடி முடிக்க மூன்று மணி நேரம் ஆகும். விபத்துக்குப் பிறகு முதல் நிகழ்ச்சியில் நாற்பது நிமிஷத்தில் உட்கார்ந்துவிட்டேன். ‘இளைய நிலா’வை நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தேன். யாரும் தப்பாக நினைக்கவில்லை. எனக்குத்தான் என்னவோ போலிருந்தது.

“வித்துட்டு லைட்டா ஒண்ணு வாங்குலா” என்றார்கள் நண்பர்கள். அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் ஸ்கூடாயில் படித்துக்கொண்டிருந்தபோது, அம்மா தன் கூட்டுப் பணத்தை முதல் ஆளாக எடுத்து வாங்கிக்கொடுத்தது அது. கூட்டை முதலில் எடுத்தால் அப்புறம் மாதாமாதம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வாங்குவதற்கு இனி ஒன்றும் இருக்காது. பதினோரு மாதம் அம்மா அப்படிக் கட்டினார். அதை விற்க முடியாது. அதனால் வெட்டலாம் என்று முடிவு செய்தேன். இந்த இரண்டில் எது பெரிய அவமரியாதை என்று அப்போது யோசிக்கவில்லை.

கிட்டாரின் எடையும் விளிம்பும் பற்றிய புகார் புதிதல்ல. திண்ம உடல் மின்கிட்டார் கடைக்கு வந்த நாளிலிருந்தே இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் லியோ ஃபெண்டர் விற்ற டெலிகாஸ்டர் கிட்டத்தட்ட ஒரு பலகைதான். விளிம்பு விலாவில் குத்துகிறது என்று வாசித்தவர்கள் சொன்னார்கள். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் வயிறு படுகிற இடத்தையும் முன்கை படுகிற இடத்தையும் சீவிவிட்டார். இன்றைக்கு நமக்கு அழகாகத் தெரியும் அந்த வளைவுகள் யாரோ சிலருடைய விலா வலியிலிருந்து வந்தவை. கிப்ஸன் 1952இல் கொண்டுவந்த லெஸ் பால் கனத்த மகாகனி மரம். 1961இல் அதை நிறுத்திவிட்டு மெலிந்த, இரண்டு கொம்பு வைத்த வடிவத்துக்குப் போனார்கள். எஸ்.ஜி. என்று பெயர். லேசானது. ஆனால் கைவிட்டால் கழுத்து தரையைப் பார்க்கும் என்பது அதன் மேல் உள்ள நிரந்தரக் குறை. இந்த வாக்கியத்தை நான் அன்றைக்கே ஒழுங்காகப் படித்திருக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் உண்டு. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கையில் இருந்தது வழக்கமான மாண்டலின் அல்ல. வழக்கமானதில் இரண்டிரண்டாக எட்டுத் தந்திகள். அவர் மின்மாண்டலினில் ஒற்றையாக ஐந்து தந்திகள் வைத்துக்கொண்டார். ஜோடித் தந்தியை அழுத்தி இழுத்துக் கமகம் கொண்டுவருவது பெரும்பாடு. ஒற்றைத் தந்தி விரலுக்கு வளைந்துகொடுக்கும். வாத்தியத்துக்கு விரலைப் பழக்காமல், விரலுக்கு வாத்தியத்தைப் பழக்கினார். எனக்குத் தைரியம் கொடுத்தது இந்த உதாரணம்தான். அவர் மேதை, நான் கல்யாண வீட்டுக்காரன் என்கிற வித்தியாசத்தை வசதியாக ஒதுக்கி வைத்தேன்.

வெட்டுவதற்கு அப்பா இருந்தார். மூவாரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் 28 வருஷம் மெஷின் ஓட்டியவர். மூவாரைத் தெரியாதவர்களுக்கு: மலேசியாவிலிருந்து கப்பலேறும் மேசை நாற்காலிகளில் பெரும்பங்கு இந்த ஊரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் போகிறது. அப்பா செய்தது பெரும்பாலும் நாற்காலிக் கால்களும் முதுகுச் சட்டங்களும். இடது மோதிர விரலின் நுனியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். ஓய்வுக்குப் பிறகு வீட்டு முன்தாழ்வாரத்தில் ஒரு மேசை, ஒரு கைரௌட்டர் (வைஃபை அல்ல, மரம் குடையும் மெஷின்), இரண்டு இழைப்புளி, தேவைக்கு மேல் கிளாம்புகள் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவுகளைச் சரிசெய்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரே கிட்டார் குழு அல்லிகேட்ஸ். பினாங்கு சகோதரர்கள் டேவிட்டும் லோகாவும். “அந்த முடி!” என்பார். இசையைப் பற்றி அதற்கு மேல் கருத்துக் கிடையாது.

முதலில் கறுப்புப் பூச்சை எடுத்தோம். எனக்கு அழகு ஆசையும் இருந்தது. கறுப்பை உரித்து மர வரி தெரிகிற மாதிரி தேன் நிறத்தில் பளபளவென்று வைக்க வேண்டும். பாலியெஸ்டர் பூச்சு கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது. சூடான காற்று அடிக்கும் துப்பாக்கியால் காட்டி, தகட்டுக் கத்தியால் தூக்கினால் சில்லுச் சில்லாக வரும். அரைநாள் போனது. பின்பக்கம் முழுதும் வெளிவந்தபோது அப்பா சிரித்தார். மூன்று துண்டுகளை ஒட்டிச் செய்த உடல். ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஒரு மூலையில் மக்கு அடைத்திருந்தது.

“இதுக்குத்தான் கறுப்பு அடிச்சான். நீ என்னமோ ஸ்டைல்னு நெனச்ச.”

கொஞ்சம் தூளை விரலில் எடுத்து மோந்தார். உடனே இரண்டு தும்மல். “நியாத்தோ” என்றார். “இந்தத் தூசிக்கு எனக்குத் தும்மல் வரும். பாக்டரியில இது வர்ற அன்னிக்கு மூக்குல துணி கட்டிக்குவோம்.”

நியாத்தோ என்பது ஒரே மரமல்ல. இலுப்பைக் குடும்பத்து மரங்கள் பலவற்றுக்குச் சந்தையில் உள்ள பொதுப்பெயர். அதில் ஒரு வகை நியாத்தோ தாபான். அதன் பாலை இறுக்கினால் கிடைப்பதுதான் குட்டா பெர்ச்சா. ரப்பர் மரம் மலாயாவுக்கு வருவதற்கு முன்பே, 1840களில், ஜொகூர் காடுகளில் இந்த மரங்களை வெட்டிச் சாய்த்துப் பாலெடுத்தார்கள். தெமெங்கோங் டாயிங் இப்ராஹிம் அந்த வியாபாரத்தில் பெரும் பணம் பார்த்தார். கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் போனது அந்தப் பால்தான். 1858இல் அட்லாண்டிக்கைத் தாண்டிய முதல் கம்பி உட்பட. ரப்பரைப் போல் கீறி எடுக்கிற பாலல்ல. மரத்தையே சாய்க்க வேண்டும். பல் மருத்துவர்கள் வேர் சிகிச்சையில் அடைப்பதும் இன்றுவரை அதுதான். மின்சாரம் படித்தவன் என்பதால் எனக்கு இதில் தனிச் சந்தோஷம். அப்பாவிடம் சொன்னேன். “அப்படியா” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைச் சுரண்டினார்.

அடுத்த வாரம் பஸ்ஸில் மறுபடி மூவார் போனேன். கையில் வரைபடம். கனஅளவு, அடர்த்தி, எங்கே எத்தனை கன சென்டிமீட்டர் குடைந்தால் எத்தனை கிராம் குறையும் என்று அட்டவணை. வயிற்றுப் பக்கம் ஒரு சரிவு. முன்கை விளிம்பில் ஒரு சீவல். பின்னாலிருந்து இரண்டு குழிகள்: ஒன்று கழுத்துக்குப் பக்கத்தில், ஒன்று வால் பக்கம். நடுவில் பாலமும் தந்தியும் இழுக்கிற இடத்தைத் தொடக்கூடாது. இலக்கு 4 கிலோ.

அப்பா காகிதத்தைப் பார்த்தார். மடித்து மேசைக் காலுக்கு அடியில் வைத்தார். மேசை ஆடிக்கொண்டிருந்தது. “மாட்டிக்கிட்டு நில்லு” என்றார். நின்றேன். தச்சுப் பென்சிலை எடுத்து, என் கடைசி விலா எலும்பு கிட்டாரில் எங்கே இடிக்கிறது என்று சட்டைக்கு மேலேயே தடவிப் பார்த்து ஒரு கோடு. உட்காரச் சொல்லி இன்னொரு கோடு. கை வைக்கச் சொல்லி ஒன்று. என்னை அவர் அவ்வளவு கிட்டத்தில் தொட்டுப் பல வருஷமாகியிருக்கும். தழும்பு பக்கம் வந்தபோது மட்டும் விரல் நின்று, சுற்றிப் போனது.

“இருபத்தெட்டு வருஷம் நாற்காலி செஞ்சேன். எவன் உக்கார்றான்னு பாத்ததே இல்ல” என்றார். சும்மா ஒரு தகவல் மாதிரிதான் சொன்னார்.

அவர் போட்ட கோடு என் வரைபடத்திலிருந்து இரண்டு விரற்கடை விலகியிருந்தது. அவருடையதுதான் சரி. அரத்தாலும் இழைப்புளியாலும் வயிற்றுச் சரிவை ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்தார். கழுத்துப் பக்கக் குழியை ரௌட்டரால் மூன்று மில்லிமீட்டர் மூன்று மில்லிமீட்டராக இறக்கினார். அவர் மெஷின் பிடிக்கும்போது அந்தக் குட்டை விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். டோனி அயோமி கதையைச் சொன்னேன். பர்மிங்ஹாம் தகடு வெட்டும் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனிகள் போனவர். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மெல்லிய தந்தி போட்டு, பிளாக் சபாத்தில் வாசித்தவர். அப்பா மெஷினை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேட்டார்.

“அவனுக்கு சொக்சோ கெடச்சிச்சா?”

இரண்டாவது குழிக்கு வந்தபோது கிட்டாரை வார் மாட்டும் பொத்தானில் ஒற்றை விரலால் தூக்கிப் பிடித்தார். அது மெதுவாகச் சுற்றி ஒரு நிலைக்கு வந்தது. “வேணாம்” என்றார். “வால் பக்கம் எடுத்தா தல சாயும். நாற்காலிக்கும் அப்படித்தான். முதுகு கனமாப் போச்சுன்னா ஆள் பின்னால விழுவான்.”

எனக்கு இன்னும் 270 கிராம் பாக்கி. அட்டவணையில் அது இருந்தது. மரம் அதிகமாக இருக்கும் இடமே வால் பக்கம்தான், அங்கே எடுக்காமல் எங்கே எடுப்பது என்று வாதாடினேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அப்பா ரௌட்டரை என் கையில் கொடுத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்.

நானே குடைந்தேன். சுத்தமாகத்தான் வந்தது. பின்னால் பிளைவுட் மூடி போட்டுத் தராசில் மாட்டினேன்: 4.0. படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன்.

புதன்கிழமை ஒத்திகை. மாட்டியதும் சுகமாக இருந்தது. விலா இடிக்கவில்லை, முன்கை வழுக்கி உட்கார்ந்தது. இரண்டாவது பாட்டில் தெரிந்தது. இடது கையை எடுத்தால் கழுத்து கீழே போகிறது. அதாவது, சுரம் பிடிக்க வேண்டிய கை கழுத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கையின் எடை எங்கே போகும்? தோளுக்குத்தான். நாலாவது பாட்டில் வலி, 4.6 கிலோவில் இருந்ததைவிட அதிகம். முதல் செமஸ்டரில் படித்த திருப்புவிசை. சீசா பலகையில் ஒரு பக்கத்துப் பிள்ளையை இறக்கிவிட்டு, பலகை ஏன் சாய்கிறது என்று கேட்கிற கதை. 600 கிராம் குறைத்துக் கூடுதல் வலி வாங்கியிருக்கிறேன்.

அப்பாவிடம் தொலைபேசியில் சொல்ல இரண்டு நாள் ஆனது. “சரி, எடுத்துக்கிட்டு வா” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது.

போனபோது தாழ்வாரத்தில் ஒரு மேசைக்கால் தயாராக இருந்தது. ரப்பர் மரம். வெளிறிய மஞ்சள். பால் நின்ற மரத்தை ஏறத்தாழ 25 வருஷத்தில் வெட்டிவிட்டுப் புதுக் கன்று நடுவார்கள். ஒரு காலத்தில் அந்த மரம் ரப்பர் பாளம் காய வைக்கும் புகைக்கூடங்களுக்கு விறகாகத்தான் போனது. வெட்டிப் போட்ட சில நாளில் பூஞ்சை பிடித்து நீலமாகிவிடும், வண்டு துளைக்கும். போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றிச் சூளையில் காய வைக்கும் முறை பரவிய பிறகுதான் மூவார் மூவாரானது. தாத்தா அந்த மரத்தில் பால் வெட்டினார். அப்பா அந்த மரத்தையே வெட்டினார். எங்கள் வீட்டில் இதை யாரும் பெருமையாகவோ சோகமாகவோ சொன்னதில்லை. இரண்டுமே சம்பளம் வந்த வேலைகள்.

வால் பக்கக் குழியின் அளவுக்கு அந்தக் காலைச் சீவி, வரி ஒரே திசையில் ஓடும்படி வைத்து, பசை தடவி ஐந்து கிளாம்பு போட்டார். எடுத்ததைவிடக் கொஞ்சம் கனமான மரம். மறுநாள் நான் என் பங்குக்குத் தலைப்பக்கம் இருந்த கனத்த சுருதி முறுக்கிகளைக் கழற்றி லேசானவை மாட்டினேன். எழுபது கிராம்தான் வித்தியாசம். ஆனால் பொத்தானிலிருந்து அவ்வளவு தூரத்தில் எழுபது கிராம் பெரிய விஷயம். வாரை அகலமான, உள்பக்கம் சொரசொரப்பான தோல் வாராக மாற்றினேன். அது தோளில் வழுக்காது. சுமையைத் தகட்டைத் தாண்டியும் பரப்பும். இப்போது எடை 4.2. கையை எடுத்தால் கழுத்து கொஞ்சம் யோசிக்கிறது, பிறகு நிற்கிறது. போன மாதம் குளுவாங்கில் ஒரு விருந்து, இரண்டேகால் மணி நேரம் நின்றேன். கடைசிப் பாட்டுக்கு உட்கார்ந்தேன். அது பசியில்.

அழகு விஷயம் இன்னும் முடியவில்லை. முன்பக்கம் கறுப்பு அப்படியே இருக்கட்டும் என்று விட்டாயிற்று. முன்கைச் சீவலில் மட்டும் உள்ளே இருந்த மேப்பிள் பலகை வெளிர்க் கோடாகத் தெரிகிறது. பின்பக்கம் மூன்று நிற நியாத்தோவும், ஒரு மூடியும், ஒரு மஞ்சள் ரப்பர் செவ்வகமும். ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கிறது. சாயம் ஏற்றி ஒரே நிறமாக்கலாமா என்று கேட்டேன். அப்பா வேண்டாம் என்கிறார், சும்மா லேக்கர் போதுமாம். ஆனால் அதுவும் இப்போது முடியாது. இந்த மழையில் அடித்தால் ஈரம் பிடித்து வெள்ளையாகப் பூத்துவிடும்.

“தை பொறக்கட்டும், காயற நாளா பாத்து அடிக்கலாம்” என்கிறார். அதுவரை பின்பக்கம் பச்சை மரம்தான். வயிறு படுகிற சரிவில் என் வியர்வை இறங்கி ஒரு கறை விழுந்திருக்கிறது. சேன்ட் பேப்பர் போட்டால் போகும். அப்பா அதைப் பார்த்தார், கட்டை விரலால் ஒருமுறை தேய்த்தார், கிட்டாரைத் திரும்ப உறையில் வைத்தார்.