40 ப்ளஸ் மேக்கப்... எண்ணூர் வெயிலுக்கும் புகைக்கும் எது சரிப்படும்?

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு ரகசியம் தெரியும். 'நாற்பதிலும் இளமையாகத் தெரிய...' என்று தலைப்பு வைத்தால், ஆடியில் போட்டாலும் படிப்பார்கள், ஐப்பசியில் போட்டாலும் படிப்பார்கள். ப்ரைமர், ஃபவுண்டேஷன், ஹைலைட்டர், செட்டிங் ஸ்ப்ரே என்று அந்தக் கட்டுரைகளில் ஒரு நீளமான பட்டியல் இருக்கும். ஏ.சி அறையிலிருந்து ஏ.சி காருக்குப் போகிறவர்களுக்கு அது சரிதான்.

நான் இருப்பது எண்ணூரில். இங்கே காலையில் துடைத்த ஜன்னல் கம்பியை மாலையில் தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டும். அனல்மின் நிலையச் சாம்பல், துறைமுகத்துக்கு வரும் நிலக்கரி, எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் புகை என எல்லாம் கலந்துதான் எங்கள் ஊர்க் காற்று. இதோடு கடல் உப்பும் வெயிலும். 2023 டிசம்பரில் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததும், அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவு அமோனியா கசிந்து மக்கள் கண்ணெரிச்சலோடு தெருவுக்கு ஓடிவந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காற்றில் நாற்பது வருடம் வாழ்ந்த ஒரு முகத்துக்கு என்ன மேக்கப் போடுவது? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் என் சித்தி.

சித்திக்கு வயது 46. எர்ணாவூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் திருவொற்றியூர் போய், ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். பட்டுப்புடவை கவுன்டரில் பதினொரு வருட அனுபவம். புடவையை ஒரே வீச்சில் விரித்துத் தோளில் போட்டுக் காட்டினால், வந்தவர்கள் வாங்காமல் போக மாட்டார்கள். போன வருடம் கடையில் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண்கள் மூன்று பேரைப் புதிதாக எடுத்தார்கள். சித்தியை மூன்றாவது மாடியில் உள்பாவாடை செக்‌ஷனுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே புடவைக்குக் கிடைக்கும் கமிஷன் கிடையாது.

"மூஞ்சி டல்லா இருக்குதாம்டி. கஸ்டமருக்கு முன்னாடி கொஞ்சம் பளிச்னு இருக்கணும்னு சொல்றாங்க. இன்னா பண்றது சொல்லு" என்றார்.

நாற்பது வயதுக்காரிக்கு எதற்கு மேக்கப் ஆசை என்று கிண்டல் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஆசையாகவும் இருக்கலாம், அதில் தப்பே இல்லை. ஆனால், சித்தி மாதிரி எத்தனையோ பேருக்கு அது மாதச் சம்பளத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

அந்தப் பெயரில்லாத க்ரீம்

சித்தி என்னிடம் கேட்பதற்கு முன்பே ஒரு வேலை செய்திருந்தார். தெரிந்த ஒருவர் மூலம் ஒரு சின்ன டப்பா க்ரீம் வாங்கியிருந்தார். கன்னத்தில் இருந்த மங்குக்கு. முதல் இரண்டு வாரம் முகம் உண்மையிலேயே வெளுத்தது. மூன்றாவது மாதம் வெயிலில் நின்றாலே எரிச்சல், கன்னத்தில் சிவப்பு, தாடையில் பூனைமுடி. க்ரீமை நிறுத்தினால் எரிச்சல் இன்னும் அதிகமாக, திரும்பவும் அதையே தடவினார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். தயாரித்தவர் பெயர் இல்லை, லைசென்ஸ் எண் இல்லை, என்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலும் இல்லை.

இப்படிப்பட்ட க்ரீம்களில் பொதுவாக இரண்டு ஆபத்துகள் ஒளிந்திருக்கும். ஒன்று, ஸ்டீராய்டு. ஆரம்பத்தில் முகம் தெளிந்ததுபோல் காட்டும். போகப்போகத் தோலை மெலிதாக்கி, பருவையும் முடியையும் சிவப்பையும் கொண்டுவரும். இந்தப் பிரச்னை பெருகியதால்தான் 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கியது.

இரண்டாவது, பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கும், அதனால் முகம் வெளுக்கும். ஆனால், அது தோலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. கேரளாவின் மலப்புறம் மாவட்டத்தில் 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒருவகை சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை அங்குள்ள டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு அபூர்வமான ஒரு வகை. அந்த 15-ல் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பயன்படுத்தியவர்கள். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்கு நோய் தணிந்தது என்பது ஆறுதல்.

முகத்தில் பூசும் அழகு சாதனத்தில் பாதரசம் சேர்க்கவே கூடாது என்பதுதான் இந்தியச் சட்டம். தவறிக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கின்றன 2020-ம் ஆண்டின் அழகுசாதன விதிகள். பெயரில்லாத டப்பாவுக்கு எந்த விதி?

சித்தியை அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். காலை ஏழரைக்கு வரிசையில் நின்று, பத்தரைக்கு டாக்டரைப் பார்த்தோம். திடீரென்று நிறுத்தியதால்தான் எரிச்சல் கூடியது, இனி நாங்கள் சொல்கிறபடி வேறு மருந்தோடு நிறுத்துங்கள் என்றார்கள். சிறுநீர்ப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார்கள். ரிசல்ட் வரும்வரை சித்தி யாரிடமும் சரியாகப் பேசவில்லை. நல்லவேளை, சிறுநீரகத்தில் பிரச்னை இல்லை.

நீங்களோ, உங்கள் வீட்டில் யாரோ இப்படிப்பட்ட க்ரீம் போட்டிருந்தால், சிறுநீரில் நுரை, காலில் வீக்கம் இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் டப்பாவை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்விடுங்கள். பாதரச க்ரீம் பூசிய முகத்தோடு குழந்தையைக் கொஞ்சினாலும், ஒரே துண்டைப் பயன்படுத்தினாலும் அது மற்றவர்களுக்கும் ஒட்டும்.

வயதைக் கூட்டுவது எது?

முகம் வயதாகத் தெரிவதற்கு வயது மட்டும் காரணமில்லை. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடங்களில் தோலில் உள்ள கொலாஜன் சுமார் 30 சதவிகிதம் குறைகிறது. தோல் வறண்டு, மெலிந்து, கோடுகள் விழுகின்றன. இது எல்லோருக்கும் பொது. ஆனால், கரும்புள்ளியும் மங்கும் கூடுவதில் வெயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. புகைக்கும் உண்டு.

ஜெர்மனியில் 70 முதல் 80 வயதுவரை உள்ள 400 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2010-ல் வெளியான அதன் முடிவின்படி, புகைக்கரியும் தூசும் அதிகமுள்ள இடத்தில் வாழ்ந்தவர்களுக்கு நெற்றியிலும் கன்னத்திலும் கரும்புள்ளிகள் சுமார் 20 சதவிகிதம் அதிகம். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தெரு அக்காக்கள், அத்தைகள் முகமெல்லாம் வரிசையாக வந்துபோனது. 'உடம்பைப் பார்த்துக்கிறதே இல்லை' என்று அவர்களைச் சொல்வது எவ்வளவு சுலபம்!

இன்னோர் ஆய்வு ஆஸ்திரேலியாவில். 55 வயதுக்குட்பட்ட 903 பேரில் ஒரு பகுதியினரைத் தினமும் சன்ஸ்க்ரீன் போடச் சொன்னார்கள். நாலரை வருடம் கழித்துப் பார்த்தால், அவர்கள் தோலில் கூடுதலாக முதுமை ஏறியதாகத் தெரியவில்லை. இது வெளியானது 2013-ல். இளமைக்கு என்று எந்த க்ரீம் வாங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: முதலில் சன்ஸ்க்ரீன். அழகு அதற்கு மேல்.

சித்தியின் பத்து நிமிட மேக்கப்

தோல் ஆறி, டாக்டர் சரி என்ற பிறகு, நானும் சித்தியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முயன்று பார்த்துக் கண்டுபிடித்தது இது. ஷேர் ஆட்டோ, புகை, வியர்வை எல்லாம் தாண்டி மதியம்வரை நிற்கிறது.

முகத்தைக் கழுவி, ஈரம் முழுக்கக் காயும் முன் மாய்ஸ்ச்சரைஸர். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு, அதனால் இதைத் தவிர்க்கவே முடியாது. ஐந்து நிமிடம் கழித்து எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்க்ரீன். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் வேண்டும். மங்கு இருப்பவர்களுக்கு அயர்ன் ஆக்ஸைடு உள்ள டின்டட் சன்ஸ்க்ரீன் நல்லது. லேசான நிறத்தோடு வருவதால் தனியாக ஃபவுண்டேஷனும் தேவைப்படாது.

ஃபவுண்டேஷன் வேண்டும் என்றால், கையில் தடவிப் பார்க்காமல் தாடையோரம் தடவி, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தோலோடு கரைந்து காணாமல் போகிற ஷேடுதான் உங்கள் ஷேடு. ஒரு ஷேடு வெளுப்பாக வாங்கினால் முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகி, வயது கூடித்தான் தெரியும்.

கண்ணுக்குக் கீழே கருவளையத்துக்கு, நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஆரஞ்சு நிற கரெக்டர் பொருந்தும். குண்டூசித் தலையளவு எடுத்து, மோதிர விரலால் தட்டித் தட்டிப் பரப்பினால் போதும். பவுடரை முகம் முழுக்க அப்பாதீர்கள். கோடுகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். நெற்றி, மூக்கு, இந்த இரண்டு இடம் போதும்.

கண் மையைக் கீழ் இமையில் இழுத்தால் வியர்வையில் வழிந்து கருவளையமாகிவிடும். மேல் இமையோரம் மட்டும் மெல்லியதாக இழுத்தால் கண் திறந்ததுபோல் தெரியும். புருவத்தை நூலாக த்ரெட்டிங் செய்ய வேண்டாம், அடர்த்தியான புருவம்தான் இளமை. உதட்டுக்கு மேட் லிப்ஸ்டிக் வெடிப்பைக் காட்டிக்கொடுக்கும். க்ரீம் வகையில் செங்கல் நிறம், அடர் ரோஸ், மெரூன் எடுங்கள்.

இதையும் கவனியுங்கள்

ஸ்டிக்கர் பொட்டு வைக்குமிடத்தில் அரிப்போ, வெள்ளைத் திட்டோ தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். அதன் பசையில் உள்ள ரசாயனம் சிலருக்கு நிறத்தையே அழித்துவிடும். ஹேர் டை ஒவ்வொரு முறையும் போடுவதற்கு 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னால் சிறிது தடவிச் சோதியுங்கள். பல வருடம் போட்டவர்களுக்கும் திடீரென்று அலர்ஜி வரலாம். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவி வெயிலில் போனால் தோல் வெந்துபோகும், பிறகு கறுக்கும்.

மாலையில் வீடு திரும்பியதும் முதல் வேலை, முகத்திலிருக்கும் மேக்கப்பையும் ஊர்ப்புகையையும் சேர்த்து எடுப்பது. பரு வராத தோல் என்றால் சில சொட்டு தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவலாம். சித்தி முதல் நாள் துடைத்த வெள்ளைத் துணியில் லிப்ஸ்டிக் நிறத்தைவிடக் கறுப்புதான் அதிகமாக இருந்தது. "மேக்கப் போட்டதே இதுக்குத்தான் போலிருக்கு. இல்லன்னா இதெல்லாம் தோலுக்குள்ள போயிருக்கும்ல" என்று சிரித்தார். மேக்கப் புகைக்குக் கவசமாகாது, தினமும் கழுவுவதுதான் முக்கியம் என்றேன்.

மேக்கப்பால் சித்திக்குப் பட்டு கவுன்டர் திரும்பக் கிடைத்துவிட்டது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. கிடைக்கவில்லை, இன்னும் மூன்றாவது மாடிதான். ஆனால், முகூர்த்தப் புடவை எடுக்க வரும் பழைய வாடிக்கையாளர்கள் சிலர், 'அந்தக்கா எங்கே?' என்று கேட்க, அவரைக் கீழே கூப்பிட்டு அனுப்புகிறார்கள். அவர்கள் தேடுவது பதினொரு வருட அனுபவத்தை. அதற்கு எந்த க்ரீமும் தேவையில்லை. இதைக் கடைக்காரர்களும் கொஞ்சம் புரிந்துகொண்டால் தேவலை.

தோழிகளே, மேக்கப் போட்டுக்கொள்ளுங்கள், சந்தோஷமாகப் போட்டுக்கொள்ளுங்கள். இன்று ஒரே ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். உங்கள் அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு க்ரீமையும் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் பெயர், முகவரி, லைசென்ஸ் எண், சேர்மானங்கள், காலாவதித் தேதி இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவர் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். மெர்க்குரி, மெர்க்குரஸ் குளோரைடு, கலோமெல் என்று எழுதியிருந்தால் அது முகத்துக்கு ஆகாது. ஒன்றுமே எழுதாமல் இருந்தால், அதைவிடவும் ஆகாது.