பேக்கிங்ல ஏர் எடுக்குது: ஒரு பழைய பீட்டில் காரும், மெக்கானிக்கோட நுரையீரலும்

1/ பழைய கார், பழைய புல்லட், டிவிஎஸ் 50 வெச்சிருக்கிற எல்லாருக்குமான த்ரெட் இது. வண்டி ஐடிலிங்ல நிக்காது. சூடானா சிக்னல்ல ஆஃப் ஆகும், இல்லேன்னா தானா ரேஸ் ஆகும். கார்புரேட்டரை மூணு தடவை கழட்டிக் கழுவியும் தீராது. பல நேரம் குற்றவாளி ஒரு சின்ன பேக்கிங். கொஞ்சம் நீளம்தான், கடைசி வரைக்கும் படிங்க. பாதி வண்டி விஷயம், மீதி நுரையீரல் விஷயம்.

2/ என்கிட்ட இருக்கிறது 1968 மாடல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில். ஏற்காட்டுல ஒரு எஸ்டேட் ஷெட்டுல கிடந்தது. 1300 சிசி, நாலு சிலிண்டர், இன்ஜின் பின்னாடி. ரேடியேட்டர் கிடையாது. ஒரு ஃபேன் காத்தடிச்சுத்தான் இன்ஜினை ஆற வைக்கும். இந்த வண்டி உலகம் முழுக்க 2 கோடியே 15 லட்சத்துக்கு மேல தயாராச்சு. கடைசி வண்டி 2003 ஜூலை 30 அன்னைக்கு மெக்சிகோவில் உள்ள பியூப்லா தொழிற்சாலையிலிருந்து வெளிய வந்துச்சு. இலங்கையில இன்னைக்கும் நிறைய ஓடுது. பாப்பிரெட்டிப்பட்டியில எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான்.

3/ நோயோட வரலாறு: சேலத்துலருந்து திரும்பும்போது மஞ்சவாடி கணவாய் மேட்டுல இழுவையில ஒரு குறையும் இல்ல. ஊருக்குள்ள வந்து ஸ்லோ பண்ணா ஐடிலிங் ஏறி இறங்கும். ஆக்சிலரேட்டரை விட்டா சைலன்சர்ல டப் டப்னு வெடிக்கும். நம்ம மெக்கானிக் அண்ணன் கேட்ட உடனே சொன்னார்: "டாக்டர் சார், எங்கியோ ஏர் எடுக்குது."

4/ அது என்ன ஏர் எடுக்கிறது? ஒரு கிராம் பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிராம் காத்து வேணும். அந்தக் கலவையைத் தயார் பண்றது கார்புரேட்டர். அங்கிருந்து ரெண்டு பக்கமும் இருக்கிற சிலிண்டர் ஹெட்டுக்குக் கொண்டு போற குழாய்தான் இன்டேக் மேனிஃபோல்டு. குழாய் ஹெட்டோட சேர்ற இடத்துல காத்து புகாம அடைச்சு நிக்கிறது பேக்கிங். கேஸ்கெட்னு புத்தகத்துல இருக்கும்.

5/ வெளியில காத்தோட அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். ஐடிலிங்ல த்ராட்டில் மூடியிருக்கும்போது மேனிஃபோல்டு உள்ள அதுல கிட்டத்தட்ட பாதிக்கும் கீழ இறங்கிடும். நம்ம நெஞ்சுக்கூடும் இப்படித்தான், உள்ள அழுத்தத்தைக் குறைச்சுத்தான் காத்தை இழுக்குது. நெஞ்சுல குத்துக்காயம் பட்டு வர்றவங்களுக்கு, மூச்சு இழுக்கும்போது மூக்கு வழியா போக வேண்டிய காத்து காயம் வழியா போகும். பேக்கிங் போன மேனிஃபோல்டும் அதே கேஸ்தான். வர வேண்டிய வழியில வராத காத்து.

6/ அப்போ மேடு ஏறும்போது ஏன் தெரியல? த்ராட்டில் முழுசா திறந்திருந்தா உள்ளயும் வெளியவும் அழுத்த வித்தியாசம் ரொம்பக் குறைவு. ஓட்டை வழியா புகுற காத்து, மொத்தக் காத்துல ஒரு சொட்டு. ஐடிலிங்ல உறிஞ்சுற வேகம் அதிகம், உள்ள போற கலவையோ கொஞ்சம். அங்க ஒரு சின்ன ஓட்டையே மொத்தத்தையும் கெடுத்துடும். "ஓடும்போது நல்லாருக்கு, நின்னாத்தான் பிரச்சனை"ன்னு யாராவது சொன்னா முதல்ல இதைச் சந்தேகப்படுங்க.

7/ ஐடிலிங் ஸ்க்ரூவை ஏத்தி வெச்சு ஓட்டிடலாமேன்னு தோணும். காத்துல ஆறுற இன்ஜினுக்கு அது ஆபத்து. பெட்ரோல் குறைஞ்ச கலவை மெதுவா எரியும், எக்சாஸ்ட் வால்வு வரைக்கும் சூட்டைக் கொண்டு போகும். சூட்டை வாங்கிக்கத் தண்ணி இல்ல. அதுவும் 1968 மாடல்ல ஆயில் கூலர் ஃபேன் ஹவுசிங்குக்கு உள்ளயே, மூணாவது சிலிண்டருக்குப் போற காத்தை மறிச்சுக்கிட்டு நிக்குது. முதல்ல வால்வு கருகறது அந்த மூணாம் நம்பர்தான். 1971 மாடல்லதான் கூலரைத் தனிக் கூண்டுக்கு மாத்தினாங்க.

8/ பரிசோதனை. முதல்ல காது. ரெண்டடி ரப்பர் டியூப், ஒரு முனை காதுல, மறுமுனையை ஒவ்வொரு ஜாயின்ட் கிட்டயும் கொண்டு போங்க. ஓட்டை இருக்கிற இடத்துல "ஸ்ஸ்"னு கேட்கும். ஸ்டெதஸ்கோப்போட தாத்தா இது. சட்டைக் கை, டியூப் எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

9/ அடுத்தது தண்ணி. ஊசி கழட்டின சிரிஞ்ச்ல தண்ணி எடுத்து, ஓடுற இன்ஜினோட ஜாயின்ட்ல ரெண்டு சொட்டு விடுங்க. ஓட்டை இருந்தா அது தண்ணியை உறிஞ்சும், இன்ஜின் சத்தம் ஒரு நொடி மாறும். பல ஷெட்டுல இதைப் பெட்ரோல் விட்டுப் பார்ப்பாங்க. தயவு செஞ்சு வேண்டாம். பக்கத்துலயே சூடான எக்சாஸ்ட் இருக்கு, பிளக் வயர்ல ஸ்பார்க் இருக்கு. தீக்காய வார்டுல ஒரு நாள் டியூட்டி பார்த்தவங்க யாரும் அதைச் செய்ய மாட்டாங்க.

10/ எங்க வண்டிக்கு வலது பக்க ஹெட் ஜாயின்ட்ல சத்தம் மாறுச்சு. வேலை ஆரம்பம். இன்ஜின் முழுசா ஆறணும். பின் சீட்டுக்கு அடியில இருக்கிற பேட்டரியோட எர்த் வயரைக் கழட்டணும். ஏர் கிளீனர், ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் வயர், பெட்ரோல் ஹோஸ் வரிசையா கழட்டணும். டேங்க் முன்னாடி இருக்கிறதால ஹோஸ்ல பெட்ரோல் வழிஞ்சுக்கிட்டே இருக்கும். ஒரு பென்சிலைச் சொருகி அடைச்சா நின்னுடும்.

11/ மேனிஃபோல்டு ஒரே நீளக் குழாய். டைனமோவையும் ஃபேன் ஹவுசிங்கையும் தளர்த்திக் கொஞ்சம் தூக்கினாத்தான் வெளிய வரும். ஹெட்டுக்கு ஒரு பக்கம் ரெண்டு நட்டு, 13 ஸ்பேனர். குழாயைத் தூக்கின மறு நொடி ஹெட் ஓட்டையில சுத்தமான துணியை அடைச்சுடுங்க. உள்ள ஒரு வாஷர் விழுந்தா இன்ஜினையே இறக்க வேண்டி வரும். ஆபரேஷன்ல பஞ்சு எண்ணுற மாதிரி, அடைச்ச துணி எத்தனைன்னு எண்ணி வைங்க.

12/ முக்கியமான இடம் இது. பழைய பேக்கிங் ஒரு உலோக வளையம். அது ஹெட்டோட பள்ளத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்கும், கரி படிஞ்சு கண்ணுக்கே தெரியாது. அதுக்கு மேலயே புதுசைப் போட்டா ரெண்டு வளையம் ஆகி, குழாய் சரியா உட்காராது. எங்க வண்டியில அப்படித்தான் இருந்துச்சு, யாரோ எப்பவோ போட்ட ரெண்டு வளையம். பல வருஷ நோய்க்குக் காரணம் அது.

13/ வளையத்தை எடுத்து, முகப்பைத் துடைச்சு, எஃகு ஸ்கேலை நிமிர்த்தி வெச்சு வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. வளைஞ்சிருந்தா லேத்துல சமன் செய்யணும். பேஸ்ட் பூச வேண்டாம். பெட்ரோல்ல ஊறி உதிர்ந்து உள்ள போகும். நட்டை ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி, கொஞ்சம் கொஞ்சமா, சுமார் 20 நியூட்டன் மீட்டர் வரைக்கும் முறுக்கினா போதும். பலம் காட்டினா அலுமினிய ஹெட்ல இருந்து ஸ்டட் கையோட வரும். கார்புரேட்டருக்கு அடியில இருக்கிற பேக்கிங்கையும் சேர்த்தே மாத்திடுங்க.

14/ இனி நுரையீரல். மேனிஃபோல்டைச் சூடாக்க எக்சாஸ்ட்லருந்து ஒரு குழாய் வருது. அந்த ஜாயின்ட்ல சாம்பல் நிறத்துல, நார் நாரா உதிர்ற பழைய பேக்கிங். அண்ணன் கத்தியால சுரண்டிட்டு, வாயால ஊதப் போனார். "அண்ணே, நிறுத்துங்க"ன்னு கையைப் பிடிச்சேன். "முப்பது வருசமா இப்படித்தான் சார் ஊதறேன்"னார்.

15/ அந்தக் காலத்து சூடு தாங்கும் பேக்கிங், பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட்ல எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் சாதாரணம். தமிழ்ல கல்நார். தொட்டா ஒண்ணும் ஆகாது, தூசியா மூச்சுல போனாத்தான் ஆபத்து. நுரையீரல் தழும்பாகி இறுகும், நுரையீரல் புற்று வரும், நுரையீரல் உறையில மீசோதீலியோமாங்கிற புற்று வரும். உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைக் கல்நாரையும் முதல் பிரிவுல, அதாவது மனுஷனுக்குப் புற்று உண்டாக்கும்னு உறுதியான பட்டியல்ல வெச்சிருக்கு. பீடி, சிகரெட்டும் சேர்ந்தா நுரையீரல் புற்று அபாயம் பல மடங்கு.

16/ கொடுமை என்னன்னா, நோய் வெளிய தெரிய பல நேரம் 20 முதல் 40 வருஷம் ஆகும். இருபது வயசுல ஊதினவர் அறுபதுல மூச்சு வாங்குதுன்னு வருவார். நாங்க "என்ன வேலை பார்த்தீங்க?"னு கேட்டாத்தான் விஷயமே பிடிபடும். 1995ல உச்ச நீதிமன்றம், அகமதாபாத் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்குல, கல்நார் தொழிலாளியோட உடல்நலப் பதிவேட்டை வேலை தொடங்கி 40 வருஷம், அல்லது வேலை விட்டு 15 வருஷம், எது பிந்தியதோ அதுவரைக்கும் வைக்கணும்னு சொல்லுச்சு. ஃபேக்டரிக்கு அது சரி. ரோட்டோர ஷெட்டுல வேலை செய்றவருக்குப் பதிவேடு எங்க இருக்கு?

17/ என்ன செய்யலாம்? கண்ணால பார்த்துக் கல்நாரா இல்லையான்னு சொல்ல முடியாது. பழசுன்னா அப்படித்தான்னு வெச்சுக்கங்க. முதல்ல தண்ணி தெளிச்சு நனைங்க. நனைஞ்ச பிறகு சுரண்டி, ஈரத் துணியால துடைச்சு, ரெண்டையும் பிளாஸ்டிக் கவர்ல கட்டிடுங்க. வாயால ஊதக் கூடாது, கம்ப்ரசர் அறவே கூடாது. என்95 மாஸ்க் போடணும், கர்ச்சீப் போதாது. புதுசு வாங்கும்போது ஆஸ்பெஸ்டாஸ் இல்லாததுன்னு கேட்டு வாங்குங்க.

18/ அதே ஷெட்டுல உதவிக்கு இருக்கிற பையன், பதினெட்டு வயசு. வேற ஒரு வண்டி டேங்க்லருந்து டியூப் வெச்சு வாயால பெட்ரோல் உறிஞ்சினதுல தொண்டைக்குள்ள போய், இருமிக்கிட்டே எங்க கேஷுவாலிட்டிக்கு வந்தான். வயித்துக்குப் போன பெட்ரோலை விட நுரையீரலுக்குப் போன சில சொட்டு மோசம், கெமிக்கல் நிமோனியா வரும். இவன் ரெண்டு நாள் ஆக்சிஜன்ல இருந்து பிழைச்சான்.

19/ யாராவது பெட்ரோலோ மண்ணெண்ணெயோ குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத் தண்ணி, புளித் தண்ணி எதுவும் கொடுக்காதீங்க. வாந்தி வந்தா அது திரும்ப நுரையீரலுக்குள்ள போகும். நனைஞ்ச துணியைக் கழட்டிட்டு 108ஐ கூப்பிடுங்க. நல்லாத்தான் இருக்கான்னு தோணினாலும் குறைஞ்சது ஆறு மணி நேரம் ஆஸ்பத்திரியில கண்காணிப்புல இருக்கணும். பெட்ரோல் இறக்கக் கை பம்ப் கடையில கிடைக்கும்.

20/ இன்னொண்ணு. வேலை முடிஞ்சு ஐடிலிங் செட் பண்ணும்போது ஷெட் கதவு திறந்திருக்கணும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ரத்தத்துல ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். விரல்ல மாட்டுற பல்ஸ் ஆக்சிமீட்டர் அப்பவும் நார்மல்னே காட்டும். தலைவலி, குமட்டல் வந்தா மீட்டரை நம்பாதீங்க, வெளிய வாங்க.

21/ இப்ப வண்டி ஐடிலிங்ல பதறாம நிக்குது. அண்ணன் இப்ப பேக்கிங்கை நனைச்சுட்டுத்தான் சுரண்டுறார். மாஸ்க் மட்டும் வெயில்ல போட முடியலன்னு தாடைக்கு இறக்கி விட்டுடறார். அவருக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம், இப்போதைக்குக் கவலைப்பட ஒண்ணும் இல்ல. பீடியை நிறுத்தச் சொல்லியிருக்கேன், பாதி குறைச்சிருக்கார்.

22/ உங்க வண்டியைப் பார்க்கிற மெக்கானிக்குக்கு இதுல 14லருந்து 19 வரைக்கும் படிச்சுக் காட்டுங்க. அடுத்த சர்வீசுக்குப் போகும்போது அவருக்கும் பசங்களுக்கும் நாலு என்95 மாஸ்க், ஒரு கை பம்ப் வாங்கிட்டுப் போங்க. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, டியூட்டி முடிஞ்சு பதில் சொல்றேன்.

அரசு மருத்துவர், எம்பிபிஎஸ்
பாப்பிரெட்டிப்பட்டி