முதல் துப்பாக்கி

லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கும் நம்மவர் பருத்ததை எடுப்பதில்லை. முறுக்கிப் பார்த்தே எடுக்கின்றனர். குழலை மடக்கிச் சுருள்வில்லை இறுக்கும் காற்றுத் துப்பாக்கிக்கும் அதுவே விதி.

"வலிமை மிக்கதை வாங்கு" என்றான் அறைத்தோழன். நானோ 0.177 அங்குலக் குழலையே தேர்ந்தேன். அதற்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாதவற்றிற்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் உரிமம் கேட்பதில்லை. வலிய வில்லை மடக்கிக் கை நடுங்கினால் குறி ஏது?

புதுத் துப்பாக்கியில் எண்ணெய் மிகுந்திருக்கும். அமுங்கிய காற்றின் சூட்டில் அது பற்றிப் புகையும். குண்டு நெறி தவறும். ஆகவே குழலைத் துடைத்தேன், திருகுகளை முடுக்கினேன். மாடிச் சுவரருகே மணல்பெட்டி வைத்து, நான்கு வகை ஈயக் குண்டுகளை 10 மீட்டரில் சுட்டு, நெருங்கி விழுந்த வகையைக் கொண்டேன். இறுகப் பிடித்தால் குண்டுகள் சிதறின. தளரப் பிடித்தால் ஒன்றுகூடின.

நண்பர்களே, குண்டின்றி விசையை இழுக்காதீர். காற்றுமெத்தை இல்லாமல் உந்துதண்டு மோதிச் சிதையும். குண்டிடும்போது மடக்கிய குழலை விடாதீர்; வில் நழுவினால் விரல் போகும்.

ஒருநாள் கைப்பிடிச் சுவரில் காகம் அமர்ந்தது. "சுடு, பார்ப்போம்!" என்றான் தோழன். துப்பாக்கியைத் தாழ்த்தினேன். காகத்துக்குச் சோறிட்டபின் உண்ணும் வீட்டுப் பிள்ளை நான். அதுமட்டுமா? கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது உயிரில்லாக் குறியைத் துளைத்தன்றோ!