நாற்பது படத்தில் ஒரு மாவுப்பூச்சி

உங்க போன் கேமராவை ஒரு எறும்புக்குப் பக்கத்துல கொண்டு போய்ப் பாருங்க. கண்ணு தெளிவா விழுந்தா கால் மங்கும். காலைப் பிடிச்சா கண்ணு போயிடும். நல்ல மேக்ரோ லென்ஸ் இருந்தா சரியாயிடும்னு தோணும். ஆகாது, இன்னும் மோசமாகும். கிட்டப் போகப் போக, தெளிவா விழுற ஆழம் சுருங்கிக்கிட்டே வரும். ஏபிஎஸ்-சி சென்சாரில் பூச்சியை அதன் நிஜ அளவைவிட 2 மடங்கு பெருசா விழவச்சு, எஃப் 5.6-ல் எடுத்தா கிடைக்கிற ஆழம் சுமார் 0.16 மில்லிமீட்டர். எஃப் 22-க்கு இறுக்கலாமேன்னா, பிளஸ் டூ இயற்பியலில் மார்க்குக்காகப் படிச்சோமே விளிம்பு விளைவு, அது வந்து படம் முழுக்க மங்கலாக்கிடும்.

அதனால, ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திப் பல படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மட்டும் சேர்க்கணும். இதுதான் ஃபோகஸ் ஸ்டாக்கிங். செவ்வாயில் சுத்துற கியூரியாசிட்டி ரோவரின் கைக் கேமராகூட 8 படம் வரைக்கும் அங்கேயே சேர்த்து ஒண்ணா அனுப்பும்.

எனக்கு இது தேவைப்பட்டது செவ்வாய்க்காக இல்ல, பெரியப்பாவோட பப்பாளிக்காக. ஒத்தக்கடையில இருந்து திருமோகூர் போற வழியில அவருக்குக் கொஞ்சம் தோட்டம். இலையடியில் வெள்ளை வெள்ளையா மாவுப்பூச்சி. "நாளைக்கு மருந்தடிச்சிரணும்"னு டேங்க்கைக் கழுவி வச்சிட்டார்.

இந்தப் பூச்சிக்கு ஒரு கதை இருக்கு. பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவுக்கு வெளியில இருந்து வந்தது. 2008-ல் கோயம்புத்தூரில்தான் முதலில் கண்டாங்க. பப்பாளி, மல்பெரி, மரவள்ளின்னு எல்லாத்துலயும் ஏறிடுச்சு. உடம்பு மேல மெழுகுப் பூச்சு இருக்கிறதால மருந்து சரியா உள்ளே இறங்கல. 2010-ல் பெங்களூரு ஆராய்ச்சி நிறுவனம் (இப்போ என்பிஏஐஆர்) போர்ட்டோ ரிக்கோவில இருந்து 3 வகை ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கித் தோட்டங்களுக்குக் கொடுத்தது. அதில் நல்லா வேலை செஞ்சது அசெரோபேகஸ் பப்பாயே. நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்ல. மாவுப்பூச்சிக்குள்ள முட்டையிடும், புழு உள்ளேயிருந்தே தின்னும், கடைசியில பூச்சி பழுப்பு நிறக் கூடாகக் காய்ஞ்சு போக, வட்டமா ஓட்டை போட்டுக் குளவி வெளியே வரும். அந்த ஓட்டை இருந்தா, குளவி ஏற்கெனவே வேலையில இருக்குன்னு அர்த்தம். அப்போ மருந்தடிச்சா முதல்ல சாகிறது குளவிதான்.

ஓட்டை இருக்கா இல்லையான்னு அவருக்குக் கண்ணால காட்டணும். சொன்னா நம்ப மாட்டார்.

கிளப்போட கேனான் கேமராவையும் 60 மிமீ மேக்ரோ லென்ஸையும் எக்ஸ்டென்ஷன் டியூப்போட எடுத்துக்கிட்டேன். டியூப் வாங்குறப்ப மின் தொடர்பு முனை இருக்கான்னு பாருங்க. மலிவானதுல இருக்காது, லென்ஸ் மோட்டார் கேமரா பேச்சைக் கேக்காது. யூஎஸ்பி கேபிளை லேப்டாப்பில் மாட்டினா, லினக்ஸில் ஜிஃபோட்டோ2 இலவசமா கேமராவை ஓட்டும். விண்டோஸ்காரங்களுக்கு டிஜிகேம்கன்ட்ரோல் இருக்கு. லென்ஸ் சுவிட்ச் ஆட்டோ ஃபோகஸில்தான் இருக்கணும், லைவ் வியூ ஓடணும். அப்புறம் ஒரு லூப்: சின்ன ஸ்டெப் ஒண்ணு நகர்த்து, 2 செகண்ட் பொறு, படம் எடு. நம்ம முதல் செமஸ்டர் லேப் அளவுதான்.

ஆனா ஒரு ஸ்டெப் எத்தனை மில்லிமீட்டர்னு சாஃப்ட்வேர் சொல்லாது. ஸ்கேலைச் சாய்ச்சு வச்சு, தெளிவான கோடு எங்கே நகருதுன்னு பார்த்துக் கணக்குப் போடணும். எப்பவும் ஒரே திசையிலதான் நகர்த்தணும். திரும்பி வந்தா கியர் இடைவெளியில ஒண்ணு ரெண்டு ஸ்டெப் காணாமப் போகும். 3 மில்லிமீட்டர் ஆழத்தை, பாதிக்குப் பாதி ஒண்ணு மேல ஒண்ணு விழுற மாதிரி 0.08-ஆ வெட்டினா கிட்டத்தட்ட 40 படம்.

தோட்டத்துல காத்து விடல, இலையை நறுக்கி வீட்டுக்குள்ள கொண்டு வந்தேன். ஃபேனை நிறுத்தச் சொன்னதும் வீடே எதிர்க்கட்சி. "என்னடா, பூச்சிக்குக் கல்யாண போட்டோவா எடுக்குற?"ன்னு பெரியம்மா. எல்ஈடி லைட்டுக்கு முன்னாடி டிரேசிங் பேப்பர், அவ்வளவுதான் ஸ்டுடியோ. படங்களை ஹியூகினோட கூடவே வர்ற கருவி அளவு சரிபண்ணி அடுக்க, என்ஃபியூஸ் சேர்த்துக் கொடுத்தது. ஃபோகஸ் நகரும்போது பிம்பமும் லேசா பெருசாகுறதால இந்த அடுக்குற வேலையைத் தாண்ட முடியாது.

6 இலைத்துண்டு எடுத்ததில் 4-ல் பழுப்புக் கூடு. அதில் 3-ல் ஓட்டை, ஊசியால குத்தின மாதிரி வட்டமா. பெரியப்பா லேப்டாப்பை மூக்குக்குப் பக்கத்துல வச்சுப் பார்த்தார். "இது உள்ள இருந்து போட்ட ஓட்டை"ன்னு அவரேதான் சொன்னார்.

படம் குளவியோட பேரைச் சொல்லாது. அதனால கூடுகளை இலையோட பாட்டிலில் போட்டு, வாயில மெல்லிய துணி கட்டி வச்சோம். ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் காட்டலாம்னு திட்டம். பெரியப்பா முழுசா ஒத்துக்கல: ரோட்டோர வரிசைக்கு மருந்தடிச்சிட்டார், கிணத்தோர வரிசையை விட்டிருக்கார். ஆறாம் நாள் பாட்டிலுக்குள்ள புள்ளி மாதிரி ஏழெட்டு ஓடுது. ஓடுறதை 40 படத்துல அடுக்க முடியாது. கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வச்சா அசையாம இருக்குமாம். பெரியம்மாகிட்ட இன்னும் கேக்கல.

ஸ்கிரிப்ட் கிளப் ரூம் கம்ப்யூட்டரில் இருக்கு. பென்டிரைவோட வாங்க.