நிற்றலும் நெகிழ்தலும்

‘நில்’ என்பது தமிழில் மிகச் சிறிய வினையடி. நிலை, நிலையம், நிறுத்தம், நிலைப்பு எனப் பல சொற்கள் அதிலிருந்து கிளைத்துள்ளன. இவற்றை ஆண்டுதோறும் வகுப்பறையில் கரும்பலகையில் எழுதி விளக்கி வருகின்றேன். ஆயினும், நிற்றல் என்பது யாது என நான் கற்றது இலக்கண நூலில் அன்று. ஒரு மொட்டை மாடியிலும், பின்னர் என் தந்தையாரின் கட்டிலருகிலுமே ஆகும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கல்லூரி மாணவனாக இருந்த காலத்தில், மாலைதோறும் மொட்டை மாடியில் நடைபெற்ற குங்ஃபூ வகுப்பில் சேர்ந்தேன். 1973ஆம் ஆண்டில் வெளிவந்த ‘எண்டர் தி டிராகன்’ படத்தைப் பலமுறை பார்த்து, புரூஸ் லீயைப் போல் பறந்து உதைக்கும் கனவோடு வந்தவர்கள் நாங்கள். மாஸ்டரோ முதல் மூன்று திங்கள் எங்களை நிற்க மட்டுமே வைத்தார். ‘மா பு’ எனச் சீனர் வழங்கும் குதிரை நிலை அது. கால்களை அகல விரித்து, பாதங்களை முன்னோக்கி வைத்து, முழங்கால்களை மடக்கி, முதுகை நிமிர்த்தி, குதிரைமேல் அமர்ந்தாற்போல் நிற்க வேண்டும். ஒரு நிமிடத்திற்குள் தொடைகள் நடுங்கும். பற்கள் தாமே இறுகும். தோள்கள் காதை நோக்கி உயரும். மாஸ்டர் அருகில் வந்து இரு விரல்களால் தோளைத் தொட்டு, “தம்பி, வேலை செய்யுறது தொடை. தோளுக்கு என்ன கோபம்?” என்பார்.

அந்தக் கேள்வியில்தான் அக்கலை முழுவதும் அடங்கியிருந்தது என்பதை இன்று உணர்கின்றேன். ‘குங்ஃபூ’ என்னும் சொல் சீன மொழியில் சண்டையை மட்டும் குறிப்பதன்று. நெடுநாள் உழைப்பால் கைவரும் திறன் எதனையும் குறிக்கும். சமையற்காரருக்கும் அது உண்டு. தூரிகையால் எழுதுவோர்க்கும் உண்டு. அத்திறனுக்கு அடிப்படையாக அவர்கள் கூறுவது ‘சோங்’, அதாவது தளர்த்துதல். அச்சொல்லின் பழைய எழுத்துவடிவில் மேலே கூந்தலைக் குறிக்கும் உறுப்பும், கீழே பைன் மரத்தைக் குறிக்கும் எழுத்தும் உள்ளன. மரம் ஒலிக்காகச் சேர்ந்ததே எனினும், அவிழ்ந்த கூந்தலும் ஊன்றி நிற்கும் மரமும் ஓர் எழுத்தில் இணைந்திருப்பது மொழியாசிரியனாகிய எனக்கு இனிக்கின்றது. தளர்தல் வேறு, துவளுதல் வேறு. முழங்கையை மடக்கும்போது மேற்கையின் முன்தசை சுருங்கினால் போதாது. அதற்கு எதிராக உள்ள பின்தசை விட்டுக்கொடுத்தல் வேண்டும். இரண்டும் ஒருங்கே இறுகினால், நம் வலிமை நம்மையே எதிர்த்து வீணாகும்.

வலிமைப் பயிற்சியைச் சீனர் புறக்கணித்தார் அல்லர். பூட்டின் வடிவில் செதுக்கிய கல்லைத் தூக்கிச் சுழற்றுதல் அவர்தம் பழம்பயிற்சி. நம் சிற்றூர்களின் இளவட்டக்கல்லை அது நினைவூட்டும். ஆனால் நிலையும் தளர்வும் பழகிய உடலுக்கே கல்லின் எடை நன்மை தரும்.

“படிக்கிற பிள்ளைக்கு அடிதடி எதுக்குப்பா? நமக்கு ஆகாத வித்தை” என்றார் என் அத்தா. இரண்டாம் ஆண்டில் வகுப்பை விட்டேன். ஹூபெய் அன்று, ஹெபெய் மாநிலத்துச் சாங்சோவில் 1881இல் பிறந்த வாங் சிபிங் என்னும் சீன முஸ்லிம், சா சுவான் என்ற கலைமரபின் பேராசானாகவும், முறிந்த எலும்பைச் சீர்செய்யும் வைத்தியராகவும் விளங்கி 1973இல் மறைந்தார் என்பதைப் பின்னாளில்தான் படித்தறிந்தேன். அடிக்கும் கையே ஆற்றும் கையாகவும் இருந்தது என்று அன்றே அத்தாவிடம் கூற எனக்கு அறிவு போதவில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் அத்தாவுக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்தது. ஜவுளிக்கடையில் நாற்பதாண்டுகள் நின்றே என்னைப் படிக்க வைத்தவர், எழுந்து நிற்கப் பிறர் கையை எதிர்நோக்கினார். வீட்டிற்கு வந்த முதல்நாள், மூச்சைப் பிடித்துப் பற்களைக் கடித்து, அவரது அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். அச்சத்தால் அவர் என் கழுத்தை இறுகப் பற்றினார். இருவரும் கட்டிலோரம் சரிந்து தரையில் அமர்ந்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கண்களை மூடிக்கொண்டார். அந்த மௌனம் எந்த அடியினும் வலித்தது.

மறுநாள் வந்த இயன்முறை மருத்துவர், செயலிழந்த பக்கத்துத் தோளைப் பிடித்து இழுத்தால் மூட்டு விலகிவிடும் என எச்சரித்தார். நாற்காலியை வலுவுள்ள வலப்பக்கம் இடச் செய்தார். அத்தாவின் பாதங்களைத் தரையில் பதித்து, அவரை முன்னோக்கிச் சாயவைத்து, வலுவிழந்த முழங்காலுக்கு என் முழங்காலால் அணைகொடுக்கச் சொன்னார். “காலை அகலமா வைங்க, முதுகை வளைக்காதீங்க, மூச்சை விட்டுக்கிட்டே எழுப்புங்க” என்றார். எனக்கு மெய்சிலிர்த்தது. அது மாஸ்டர் கற்பித்த நிலையே அன்றோ!

நின்றேன். தோள்களை இறக்கினேன். மூச்சை விட்டேன். என் கை இளகியதை உணர்ந்தவுடன் அத்தாவின் பிடியும் தானே இளகிற்று. பயந்த உடல் பயத்தைக் கற்பிக்கின்றது. அமைதியுற்ற உடல் அமைதியைக் கற்பிக்கின்றது. அவர் எழுந்து, திரும்பி, நாற்காலியில் அமர்ந்தார். சற்றுப் பொறுத்து, “இதையா நான் அன்னைக்கு வேணாம்னேன்?” என்றார்.

மாணவச் செல்வங்களே! நிற்கப் பழகுங்கள். தொடக்கத்தில் தாழ இறங்க வேண்டா; முழங்கால் உட்புறம் சாயாமல், அரை நிமிடம் நின்றால் போதும். மூச்சை அடக்காதீர்கள், அடக்கி முயன்றால் குருதி அழுத்தம் உயரும். அந்நோய் உடைய பெரியோர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்குதல் நலம். தேர்வு மண்டபத்திலும் நேர்முகத் தேர்விலும் உங்கள் தோள்கள் தேவையின்றிக் கோபிப்பதை அப்போது நீங்களே காண்பீர்கள்.

இப்போது நாள்தோறும் பஜ்ருத் தொழுகைக்குப் பின் அத்தாவின் கட்டிலருகே பத்து நிமிடம் நிற்கின்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்பவர் அவரே. இடையில் என் கவனம் சிதறினால், கட்டிலிலிருந்து குரல் வரும்: “தோளை இறக்குப்பா.”