இலையின் அடிப்புறம்

1869ஆம் ஆண்டிலே பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடுல்சீமை மலைகளில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் மஞ்சள் நிறப் புள்ளிகள் தோன்றின. தொட்டால் செம்மஞ்சட் பொடி விரலில் ஒட்டியது. புள்ளி விழுந்த இலை காலத்துக்கு முன்னரே உதிர்ந்தது. சில வாரங்களில் மீண்டும் தளிர் வந்தது. தளிர் வந்தமையால் தோட்டக்காரர் பலர் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. ஆனால் இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பிப் பயிர்ச்செய்கை ஏறத்தாழ இல்லாதொழிந்தது. ஒரு நாட்டின் பொருளாதாரத்தையும், அதனை நம்பிக் கடல் கடந்து வந்த மக்கட் கூட்டமொன்றின் வாழ்வையும் மாற்றியமைத்த அந்நோய், இலங்கையிலே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது ஊவாவின் மண்ணிலேதான் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

நோய்க்குப் பெயரிடுவதிலே தாமதம் நேர்ந்ததெனக் கூறமுடியாது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக அக்காலத்திலிருந்த துவைற்ஸ், நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்ந்தவர் பேர்க்லி என்னும் பாதிரியார். அயர்லாந்தின் உருளைக்கிழங்கு நோய்க்குப் பங்கசே காரணம் என்று 1846இலேயே வாதிட்டவர் அவர். இப்புதிய பங்கசுக்கு அவர் 1869 நவம்பரிலேயே ‘ஹெமிலேயா வஸ்டாட்றிக்ஸ்’ எனப் பெயர் சூட்டினார். பெயரின் முற்பகுதி, ஒருபுறம் வழவழப்பாகவும் மறுபுறம் கரடுமுரடாகவும் அமைந்த வித்தியின் வடிவைக் குறிப்பது. பிற்பகுதி ‘பாழாக்குவது’ எனப் பொருள்படுவது. எச்சரிக்கை பெயரிலேயே பொதிந்திருந்தது. ஆயினும் அது மலைக்கு வந்து சேரவில்லை. சந்தையில் கோப்பி விலை உயர்ந்துகொண்டிருந்தமையால், விளைச்சல் குறைந்த உண்மை கணக்கேட்டிலே மறைந்து போயிற்று. நோய் பரவிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளிற் புதிய காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. 1878 அளவில் கோப்பி நிலம் ஏறத்தாழ 275,000 ஏக்கராக விரிந்திருந்தது.

1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலறிஞர் இங்கு வந்து ஈராண்டு ஆராய்ந்தார். வித்திகள் காற்றிலே பறந்து வருகின்றன. இலையில் நிற்கும் நீர்த்துளியில் முளைக்கின்றன. இலையின் அடிப்புறத்து இலைவாய்களூடாக உட்புகுகின்றன. இவற்றை அவர் படிப்படியாக நிறுவினார். இடையிலே காற்றைத் தடுக்க மரவரிசை எதுவுமின்றி மலைக்கு மலை கோப்பியே நின்றமை நோய்க்கு வகுத்துக் கொடுத்த பாதையாயிற்று என்பதும் அவர் கண்ட உண்மை. அறிவு தெளிவடைந்தபோது காலம் கடந்துவிட்டது. நோய் உட்புகுமுன் இலையைக் காக்கவல்ல போடோக் கலவை பிரான்சிலே வெளிப்பட்டது 1885இலேதான். அதற்கு முந்திய ஆண்டிலேயே தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியன்டல் வங்கி முறிந்துவிட்டது. 1870 அளவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 10 கோடி இறாத்தலாக இருந்த கோப்பி ஏற்றுமதி, 1889 அளவில் 50 இலட்சம் இறாத்தலாகச் சுருங்கியது. துரைமார் சிலர் கப்பலேறினர். பலர் தேயிலைக்கு மாறினர். தொழிலாளருக்கோ பல தோட்டங்களிற் கூலி மாதக்கணக்கில் நிலுவையாக நின்றது. ஓர் இலையைப் பிழையாக வாசித்தமைக்கான விலையை, அவ்விலையைப் பற்றி யாரும் அபிப்பிராயம் கேளாத மக்களும் செலுத்த நேர்ந்தது.

கோப்பியின் கதை கற்பிக்கும் முதற் பாடம், ஒரு நோய்க்குப் பெயர் தெரிவது வேறு, அதனை அடையாளங் காண்பது வேறு என்பதாகும். நோய் எது, அதன் காரணம் எது, தணிக்கும் வழி எது என்று ஒன்றன்பின் ஒன்றாக நாடுமாறு வள்ளுவர் மனிதவுடலுக்கு வகுத்த முறை, மரத்துக்கும் முற்றிலும் பொருந்துவது. மரம் வாய்திறந்து நோவைச் சொல்லாது, அறிகுறியைக் காட்டும். ஒரே அறிகுறிக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஒரே காரணம் பல அறிகுறிகளாகவும் வெளிப்படலாம்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டும் கோப்பியிலேயே உண்டு. இலைத்துருவால் தளர்ந்த கோப்பியை 1880களிலே பச்சைச் செதிற்பூச்சி தாக்கியது. இப்பூச்சி இலையிலும் இளந்தண்டிலும் ஒட்டியிருந்து சாற்றை உறிஞ்சும். உறிஞ்சியதில் மிகுதியைத் தேன்போன்ற கழிவாக வெளிவிடும். அக்கழிவு படிந்த இலையிற் கரிபூசினாற்போலக் கரும்பூஞ்சணம் படரும். தூரத்தே நின்று காண்பவருக்குத் தெரிவது கருமையே. ஆகவே பங்கசு நோயென முடிவு கட்டத் தோன்றும். அக்கரும்பூஞ்சணமோ இலையின் உள்ளே புகுவதில்லை. விரலால் துடைத்தால் நீங்கும். துடைத்த இலையைத் திருப்பி நரம்போரமாகப் பார்த்தால் உண்மைக் குற்றவாளி பச்சை நிறச் செதிலாக ஒட்டியிருக்கக் காணலாம். தேனை நாடி எறும்புகளும் மொய்த்திருக்கும். பங்கசுக்கு மருந்தடித்தால் பூச்சி வாழும். பூச்சி நீங்கினால் பங்கசு தானே ஒழியும்.

கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தபோது நோய்களும் மாறின. இலையை வாசிக்கும் கடமை மாறவில்லை. ஊவாவிலே அவ்வாசிப்புக்குக் காலநிலையையும் அறிந்திருத்தல் வேண்டும். யூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைத்தொடரின் மேற்குச் சரிவிலே சொரிந்துவிட்டு, ஈரமற்ற காற்றாகப் பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கங்களில் இறங்குகின்றது. ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தேடிக்கொடுத்த நறுமணம் இவ்வரட்சிக் காலத்திலேதான் கொழுந்தில் ஏறுகின்றது. அதே வரட்சியிலே சிற்றுண்ணிகளும் பெருகுகின்றன. செஞ்சிலந்திச் சிற்றுண்ணி முற்றிய இலையின் மேற்புறத்தில் வாழ்வது. அது சாறுறிஞ்சிய இலை நரம்போரமாகத் தொடங்கிச் செம்புநிறம் பெறும். செந்நிறச் சிற்றுண்ணி இலையின் அடிப்புறத்தில், காம்பையும் நடுநரம்பையும் ஒட்டி வாழ்வது. ஊதாச் சிற்றுண்ணி தாக்கிய இலையிலே அது கழற்றிய தோல்கள் வெண்டூசுபோலப் படிந்திருக்கும். வெயிலிற் கருகிய இலையும் செம்புநிறமே கொள்ளும். ஆனால் அதன் கருகல் பெரும்பாலும் ஓரத்திலிருந்தோ நுனியிலிருந்தோ உள்நோக்கி வரும். இவற்றைப் பிரித்தறிய ஒரு கைவில்லையும் சற்றுப் பொறுமையும் போதும்.

ஒக்டோபருக்குப் பின் வடகீழ்ப் பருவமழையும் மலைமூட்டமும் வந்ததும் காட்சி மாறும். 1946இல் இலங்கையை அடைந்த கொப்புள நோய் ஊவாவிலே தலைதூக்குவது இந்த ஈரப் பருவத்திலாகும். சிற்றுண்ணிகளுட் பல முற்றிய இலையை நாடுவன. கொப்புள நோயின் பங்கசோ இளங்கொழுந்தையே நாடுகின்றது. முதலில் ஒளிபுகும் எண்ணெய்ப்பொட்டுப் போன்ற சிறு புள்ளி தோன்றும். சில நாட்களில் அவ்விடம் மேற்புறத்திற் குழிந்து, அடிப்புறத்திற் புடைத்துக் கொப்புளமாகும். புடைப்பின்மேல் வெண்மையாகப் படர்வது வித்திகளின் திரள். வெண்மை கண்ட பின்னர் காற்றுக்கு வேலை தொடங்கிவிட்டது. புள்ளியைக் கண்டவுடனே அறிந்தாலே பயனுண்டு. நிழல்மரங்களின் கிளைகளைக் கழித்து வெயில் விழச்செய்தல் இந்நோய்க்கு ஒரு தடை. ஆயின், கழித்த நிழல் வரட்சிக் காலத்துக்கு முன் மீளாவிடின், அதே வெயில் செஞ்சிலந்திச் சிற்றுண்ணியை வளர்க்கும். ஒரு பருவத்தின் மருந்து மறுபருவத்தின் நோயாகலாம் என்பது ஊவா கற்பிக்கும் இரண்டாவது பாடம்.

இலை முழுவதும் திடீரென வாடிச் செடியிலேயே காய்ந்து தொங்குமாயின், இலையைப் பார்த்துப் பயனில்லை. வேரைத் தோண்டுதல் வேண்டும். மண்ணும் கல்லும் வேரோடு ஒட்டிப் பிடித்திருப்பது கபில வேர்நோய். சிவந்த பூஞ்சண இழைகள் வேரின்மேற் படர்ந்திருப்பது செவ்வேர் நோய். வேரின் புறத்தே ஒன்றும் காணாது, பட்டையை உரித்தால் விசிறி விரித்தாற்போல் வெண்மை தெரிவது கரிவேர் நோய். இக்கடைசி நோய் பல வேளைகளில், வெட்டிய கிரவீலியா மரத்தின் விட்டுவிட்ட அடிக்கட்டையிலிருந்தே தொடங்குகின்றது. 1905 முதல் இலங்கையிலே பங்கசு நோய்களை ஆராய்ந்தவரும், 1925இல் உருவான தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் முதற் பணிப்பாளருமான பெற்ச், இத்தகைய நோய்களைத் தொகுத்துத் தேயிலைச் செடியின் நோய்கள் பற்றி 1923இல் ஒரு நூலே வெளியிட்டார். செத்த செடியைப் பிடுங்கி வேறு நடுவதால் நோய் நீங்காது. மண்ணுக்குள் நிற்கும் கட்டையும் வேரும் நீங்கினாலே நீங்கும்.

பூச்சியும் பங்கசும் கைகோத்து வரும் விந்தையும் உண்டு. 1892இல் இலங்கைத் தேயிலையிலே கண்டறியப்பட்ட தண்டுதுளைக்கும் வண்டு, இரண்டு மில்லிமீற்றர் அளவினது. கிளையிலே சன்னம் பாய்ந்தாற்போன்ற துளையிடுவது. அது மரத்தைத் தின்பதில்லை. தன் வாய்ப்பையிலே சுமந்துவரும் பங்கசைத் துளைச் சுவரிலே விதைத்து, அதன் விளைவையே தானும் தன் குடம்பிகளும் உண்ணும். ஒருவகையில் அதுவும் ஒரு பயிர்ச்செய்கைக்காரனே. துளைபட்ட கிளை கொழுந்தெடுப்பவளின் கை பட்டாலும் முறியும். இவ்வண்டை ஒழிக்க 1950களின் பிற்பகுதியில் டீல்ட்ரின் தெளிக்கப்பட்டது. அதனால் மற்றொரு பகை எழுந்தது. இலைகளைச் சுருட்டி உண்ணும் மயிர்க்கொட்டியை அடக்க, 1930களின் நடுப்பகுதியில் ஜாவாவிலிருந்து சிறிய ஒட்டுண்ணிக் குளவியொன்று கொண்டுவரப்பட்டிருந்தது. மருந்து எதுவுமின்றி அப்பீடையை இருபதாண்டுகளாக அடக்கிவைத்த அக்குளவியையும் டீல்ட்ரின் கொன்றது. மயிர்க்கொட்டி மீண்டும் பெருகியது. பகைவனை அறிந்தவர்கள் நண்பனை அறியாது போயினர்.

இவ்வண்டின் கதை இலங்கையோடு முடியவில்லை. 2003இல் கலிபோர்னியாவிலே காணப்பட்ட வண்டொன்று முதலில் இத்தேயிலை வண்டாகவே கருதப்பட்டது. கண்ணுக்கு ஒன்றேபோலத் தோன்றினும் அவை வெவ்வேறு இனங்கள் என்பது பின்னர் மரபணு ஆய்வினாலே புலப்பட்டது. அங்கே வெண்ணெய்ப்பழ மரங்களையும் தெருவோர மரங்களையும் தாக்கிய அவ்வினம், 2017இல் தென்னாபிரிக்காவிலும் 2021இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலும் கண்டறியப்பட்டது. ஆய்வுகூடத்தின் துணை எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இது சான்று. ஆயினும் ஆய்வுகூடத்துக்கு மாதிரி போய்ச் சேருவதற்கு முன், மலையிலே ஒருவர் அதனைக் கண்டிருத்தல் வேண்டும்.

அந்த ஒருவர் யார்? தேயிலைச் செடியொன்றின் முன் ஆண்டு முழுவதும், ஏறத்தாழ வாரத்துக்கு ஒருமுறை வந்து நிற்பவள் கொழுந்தெடுக்கும் பெண். கவ்வாத்து வெட்டுபவனின் கத்தி கிளையின் உட்புறத்தைத் திறந்து பார்க்கின்றது. துரைமார் மலையைக் காண்கின்றனர். இவர்கள் செடியைக் காண்கின்றனர். எண்ணெய்ப்பொட்டை முதலிலே காணும் வாய்ப்பும், முறிந்த கிளையின் துளையை முதலிலே காணும் வாய்ப்பும் இவர்களுடையனவே. ஆனால் இவர்கள் கண்டது கங்காணி, கணக்கப்பிள்ளை, அலுவலகம் எனப் படியேறும்போது, ‘சீக்கு’ என்றோ ‘பூச்சி’ என்றோ ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகின்றது. அச்சொல் சிற்றுண்ணியையும் கொப்புளத்தையும் வேர்நோயையும் வேறுபடுத்திக் காட்டாது. பிழையான மருந்து வந்து சேர்ந்தால் அதனை முதுகிலே சுமந்து தெளித்து மூச்சிலே வாங்குபவனும் தொழிலாளியே. நோயால் கொழுந்து குறைந்து, குறித்த கிலோ சேராத நாளில் அரைப்பேர் பெறுபவளும் அதே பெண்தான். 2021இலே இரசாயன உரங்களுக்கும் பீடைநாசினிகளுக்கும் இறக்குமதித் தடை விதிக்கப்பட்டு, அவ்வாண்டின் நவம்பரிலே நீக்கப்பட்டது. மருந்து தட்டுப்படும் காலத்திலே தோட்டத்துக்கு எஞ்சும் காவல், நேரத்தோடு காணும் கண்ணே.

இது விஞ்ஞான பீடத்தாரின் வேலையென்று கலைப்பீடத்தார் ஒதுங்குதல் பொருந்தாது. பங்கசின் வாழ்க்கை வட்டத்தை ஆராய்வது தாவரவியலின் பணி. அதனைக் காண்பவர் வாயிலே வழங்கத்தக்க பெயராக்குவது மொழியின் பணி. பாடநூலுக்கென ஆக்கிய கலைச்சொற்கள் பரீட்சை மண்டபத்தோடு நின்றுவிட்டன. எண்ணெய்ப்பொட்டு, செம்பிலை, மண்பிடித்த வேர், சன்னத்துளை என, கண்டதைக் கண்டபடி சொல்லும் சொற்கள் நிரையிலே வழங்குமாயின் அவையே நல்ல கலைச்சொற்கள். தலவாக்கலையிலுள்ள ஆராய்ச்சி நிறுவனமும், அதன் பசறை நிலையமும், பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமும் அருகிலேயே இருக்கின்றன. அவற்றின் அறிவு அலுவலக மேசைவரை வருவதுபோல் கொழுந்து நிரைவரை வரவேண்டும்; நிரையிலே கண்டது அதே வழியில் திரும்பிச் செல்லவும் வேண்டும். கைவில்லையொன்று, படங்களுடன் கூடிய தமிழ்க் கையேடொன்று, கண்டதைச் சொன்னவளின் பெயரையும் சேர்த்துப் பதியும் ஏடொன்று ஆகியன ஒரு தோட்டத்துக்குப் பெருஞ்செலவல்ல. மடுல்சீமையின் மஞ்சட் புள்ளியை உரிய காலத்தில் வாசியாது விட்டமைக்கு நாடு கொடுத்த விலையோடு ஒப்பிட்டால், அது செலவே அன்று.